கடல் மீனுன்னா சாகத்தான் செய்யுமா?

"கடல் மீனுன்னா அப்பிடித்தான் தம்பி. முதல்ல ரெண்டு மூனு சாகும். பிறகு செட்டாயிரும்."

இதைச் சொன்னவர் எங்களுக்கு மீன் வித்த அண்ணன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. இதே வசனத்தை அதுக்குப் பிறகு இன்னும் மூனு கடையில கேட்டுட்டோம். தெல்தெனியவில் எங்கள் நண்பி ஒருத்தியின் வீட்டு முன்னறையில், நாலு வாரத்துக்குள்ள ஏழு மீன் செத்துச்சு. ஏழும் செத்த பிறகுதான் நாங்க வாசிக்க ஆரம்பிச்சோம். வாசிச்ச பிறகு வந்தது கவலையை விடக் கோபம். அதுல பாதி எங்க மேலேயே. மீதியை இங்கே எழுதுறோம்.

எங்கள் வாதம் இதுதான். வீட்டுத் தொட்டியில கடல் மீன் சாகிறது விதி இல்லை. புதுத் தொட்டின்னா பெரும்பாலும் நோயும் இல்லை. தண்ணி. அந்தத் தண்ணி மீனுக்குத் தயாராக ஒன்றரை மாசம், ரெண்டு மாசம் வேணும். அந்த ரெண்டு மாசத்தை யாரும் விக்கிறதில்லை, அதுல காசு இல்லை. அதனால மீனை விக்கிறாங்க. மீன் சாகத் தொடங்கினா போத்தல் மருந்தை விக்கிறாங்க. மருந்து சரிவராட்டி திரும்பவும் மீனை விக்கிறாங்க. இதுக்குப் பெயர் பொழுதுபோக்குன்னு சொல்லிக்கிட்டு நாங்களும் காசைக் கட்டுறோம்.

முதல்ல நடந்ததைச் சொல்லிடுறோம். 2025 ஜனவரி. அஞ்சு பேர் சேர்ந்து காசு போட்டு, பழைய மூனடித் தொட்டி ஒன்னை வாங்கினோம். 150 லீற்றர் அளவு பிடிக்கும். நண்பியின் மாமா லொறியில திருகோணமலைக்குப் போய் வாறவர். அவரிட்டச் சொல்லி எட்டுக் கேன்ல கடல் தண்ணி கொண்டுவந்தோம். அது வடகீழ்ப் பருவமழைக் காலம். கிழக்குக் கரையில ஆறு எல்லாம் நிறைஞ்சு கடலுக்குள்ள கொட்டுற நேரம். ஆத்து வாய்க்குப் பக்கத்துல அள்ளின தண்ணியில உப்புக் குறைவா இருக்கும்னு எங்களுக்குத் தெரியாது. அளக்கவும் இல்லை. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, தெல்தெனிய இருக்கிறது விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில. இந்தத் தேக்கத்துத் தண்ணிதான் மகாவலியாப் போய் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுல விழுது. எங்க ஊர்த் தண்ணியையே நாங்க லொறி வச்சுத் திருப்பிக் கொண்டுவந்திருக்கலாம்!

அடியில போட வெள்ளைக் கல்லு. திகணப் பக்கம் டொலமைற்றுக்குப் பஞ்சமா? "இது போட்டா தண்ணியோட காரத்தன்மை தானாவே நிக்கும்"னு ஒரு வீடியோவில சொன்னாங்க. (நிக்காது. கடல் தண்ணியின் பி.எச். 8.2 மாதிரி. அந்த நிலையில டொலமைற்று கரையவே மாட்டாது. தண்ணி கெட்டு பி.எச். நல்லா இறங்கினாத்தான் கொஞ்சமாவது கரையும். அதுவரைக்கும் அது வெறும் கல்லு.) மூனாம் நாள் கடைக்குப் போனோம். "தொட்டி வச்சு எவ்வளவு நாள்?"னு அந்த அண்ணன் கேட்கல. எத்தனை லீற்றர்னும் கேட்கல. ரெண்டு நீமோ, நாலு சின்ன நீல மீன், நீலக்கோடு போட்ட துப்புரவு மீன் ஒன்னு. ஏழையும் ஒரே நாள்ல பொலித்தீன் பையில கட்டித் தந்தார்.

நண்பியின் அப்பாயி மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க. பழைய தெல்தெனிய டவுனைப் பார்த்தவங்க அவங்க. 1980களில் அந்த டவுன் நீர்த்தேக்கத்துக்குள்ள போச்சு. கடும் வறட்சியில தண்ணி இறங்கினா இடிஞ்ச சுவர்கள் இன்னும் வெளியே தெரியும். "ஊரையே தண்ணிக்குள்ள போட்டாங்க. நீங்க கடலைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வைக்கிறீங்க. யாரைக் கேட்டு?" நாங்க சிரிச்சோம். இப்ப யோசிச்சா, அந்த வீட்டுல கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான்.

ஆறாம் நாள் முதல் நீல மீன் செத்துச்சு. தண்ணி கண்ணாடி மாதிரித் தெளிவா இருந்துச்சு.

இந்தத் தெளிவுதான் பெரிய ஏமாத்து. மீன் சாப்பிட்டதுல கழிவாகிறதை அமோனியாவா செவுள் வழியா விடுது. அமோனியாவுக்கு நிறம் இல்லை. தொட்டியில இருக்கிற அளவுக்கு மணமும் தெரியாது. கடல்ல அது கரைஞ்சு போயிரும், 150 லீற்றர்ல எங்க போறது? தொட்டியில அதைத் தின்ன ஒரு வகைப் பற்றீரியா வேணும். அது அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். நைத்திரேற்று ஓரளவு பொறுத்துக்கொள்ளக் கூடியது, தண்ணி மாத்தினா குறையும். இந்த ரெண்டு வகையும் கல்லுலயும் ஃபில்டர்லயும் குடியேறிப் பெருக நாலுல இருந்து ஆறு வாரம், சில நேரம் அதுக்கும் மேல. அதுவரைக்கும் தொட்டியில மீன் இருந்தா, மீன் இருக்கிறது அதனுடைய சொந்தக் கழிவுக்குள்ளதான்.

இதுல கடல் தொட்டிக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் இருக்கு. எங்களுக்கு இரசாயனம் சாதாரண தரத்தோட முடிஞ்சு போச்சு. ஆனாலும் இது விளங்கினப்ப கொஞ்ச நேரம் பேச்சே வரல. தண்ணியில அமோனியா ரெண்டு வடிவத்துல இருக்கும். ஒன்னு மீனுக்கு அவ்வளவா கெடுதல் செய்யாது, மற்றது நேரா விஷம். எது எவ்வளவுங்கிறதைப் பி.எச். தீர்மானிக்குது. பி.எச். 7 இருக்கிற நன்னீர்த் தொட்டியில மொத்த அமோனியாவுல விஷமான பங்கு நூத்துக்கு ஒன்னு கூட வராது, அரைக்குப் பக்கம்தான். 8.2 இருக்கிற கடல் தண்ணியில அது நூத்துக்கு ஆறு, ஏழு. ஒரே அளவு கழிவு, பத்து மடங்குக்கு மேல விஷம். கப்பி வளர்த்த அனுபவத்தோட கடல் தொட்டி வைக்கிறவங்க எல்லாரும் விழுறது இந்தக் குழியிலதான். நாங்களும் விழுந்தோம். "நாலு வருஷமா மீன் வளர்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"ன்னு சொன்ன ஆள் எங்க கூட்டத்துலயே இருக்கிறார். இதை வாசிப்பார்.

செத்த மீனைப் படம் எடுத்து கடைக்கு அனுப்பினோம். பதிலுக்குப் போத்தல் வந்துச்சு. தண்ணியைத் தெளிவாக்கிற போத்தல் ஒன்னு, "நல்ல பற்றீரியா" போத்தல் ஒன்னு. ஏற்கனவே தெளிவா இருக்கிற தண்ணியைத் தெளிவாக்கி என்ன செய்யிறது? அந்த மருந்து மிதக்கிற தூசைத் திரட்டி ஃபில்டர்ல பிடிக்க வைக்கும், அமோனியாவைத் தொடாது. பற்றீரியாப் போத்தல் எல்லாமே பொய்னு சொல்ல மாட்டோம். சிலது காத்திருக்கிற நாளைக் குறைக்கும். ஆனா உயிருள்ள சாமானைக் கொழும்புல இருந்து பஸ்ல ஏத்தி, கண்ணாடி அலுமாரியில வெயில் பட வச்சு, எப்ப வந்ததுன்னும் தெரியாம விக்கிறப்ப உள்ளே உயிர் மிச்சம் இருக்கான்னு யார் பார்க்கிறது? அமோனியா அளக்கிற சோதனைப் பெட்டி அந்தக் கடையில இல்லவே இல்லை. போத்தல் பத்து வகை, அளக்கிற கருவி ஒன்னுகூட இல்லை. காய்ச்சல்மானி இல்லாம பனடோல் மட்டும் விக்கிற பார்மசி மாதிரி.

அடுத்த முட்டாள்தனம் முழுக்க எங்களுடையது. தொட்டித் தண்ணி ஆவியாகி ரெண்டு விரல் குறைஞ்சுச்சு. கேன்ல மிச்சம் இருந்த கடல் தண்ணியை ஊத்தி நிரப்பினோம். ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயே நிக்குதுன்னு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். குறைஞ்ச இடத்துக்கு ஊத்த வேண்டியது உப்பில்லாத சுத்தத் தண்ணி. அதுலயும் குழாய்த் தண்ணின்னா குளோரின், கிணத்துத் தண்ணின்னா இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லின் கடினத்தன்மை. வடிகட்டித்தான் ஊத்தணும். பிறகு கேன் தண்ணியும் முடிஞ்சு போச்சு. "கல் உப்பைக் கரைச்சா என்ன?"ன்னு ஒருத்தர் கேட்டார். கேட்க நியாயமாத்தான் இருக்கு, அதுவும் கடல்ல இருந்து வந்ததுதானே. ஆனா உப்பளத்துல கடல் தண்ணி காயும்போது கல்சியம் முதல்லயே ஜிப்சமாப் படிஞ்சு பிரிஞ்சிரும். பிறகு உப்பு படியும். மக்னீசியம் எல்லாம் கடைசியில மிஞ்சுற கசப்புத் தண்ணியோட போயிரும். புத்தளமோ அம்பாந்தோட்டையோ, நாங்க சமையலுக்கு வாங்குறது கடல்ல இருந்து எடுத்த ஒரு பொருள். கடல் இல்லை. அதைக் கரைச்சுத் திரும்பக் கடல் செய்ய முடியாது. தொட்டிக்குன்னு செய்யிற உப்புக் கலவை லீற்றருக்கு 35 கிராம் அளவு வேணும், எங்க தொட்டிக்கு அஞ்சு கிலோவுக்கு மேல. அது வெளிநாட்டுச் சாமான். டொலர் ஏறின பிறகு அதன் விலையைக் கேட்டுட்டு நாங்க போனை வச்சுட்டோம்.

ஆக, காசு இல்லாதவங்க செய்யக்கூடாத வேலையைக் காசு இல்லாம செஞ்சோம். சரி.

பெப்ரவரி 9, ஞாயிறு. நாடு முழுக்கக் கரண்ட் போன நாள். பாணந்துறை உப மின்நிலையத்துல குரங்கு ஒன்னு மாட்டினதுன்னு அமைச்சர் சொல்லி, நாங்க எல்லாரும் மீம் போட்டுச் சிரிச்ச அதே நாள். தெல்தெனியவில் அப்ப மூனு மீன் மிச்சம். கடல் தண்ணியில ஒட்சிசன் கரையிறது நன்னீரை விட அஞ்சுல ஒரு பங்கு அளவு குறைவு. மோட்டர் நின்னா தண்ணி மேல அசைவும் நிக்கும், காத்துல இருந்து ஒட்சிசன் இறங்குறதும் குறையும். ஃபில்டர்ல புதுசா குடியேறின பற்றீரியாவுக்கும் அதே ஒட்சிசன்தான் வேணும். நண்பி ஒரு கோப்பையால மணித்தியாலக் கணக்கா தண்ணியை அள்ளி அள்ளி ஊத்திக்கிட்டு இருந்தாள். பின்னேரம் கடைசி நீமோ ஒரு பக்கமாச் சாய்ஞ்சிருச்சு. அடுத்த நாட்கள்ல ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வேற. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் இருட்டுல இருந்த நாடு இது. மின்கலத்துல ஓடுற காத்துப் பம்பு இல்லாம இங்கே ஒருத்தர் கடல் தொட்டி வைக்கிறார்னா, அவருக்கு அதை வித்தவர் முதல் நாளே சொல்லியிருக்கணும். எங்களுக்கு யாரும் சொல்லல.

இது புதுக் கதை இல்லை. 1850களில் பிரித்தானியாவில் பிலிப் ஹென்றி கோஸ் என்ற இயற்கையியலாளர் எழுதின புத்தகங்கள் வீட்டுக்கு வீடு கடல் தொட்டிப் பைத்தியத்தைக் கிளப்பி விட்டுச்சு. கூட்டம் கூட்டமா ஆட்கள் கடற்கரைக்குப் போய் பாறைக் குழிகள்ல இருந்ததை எல்லாம் அள்ளினாங்க. வீட்டுல தண்ணி கெட்டுச்சு, உயிர்கள் செத்துச்சு, கொஞ்ச வருஷத்துல மோகமும் வடிஞ்சுச்சு. கரை வெறுமையானதைப் பற்றி அவருடைய மகன் எட்மண்ட் கோஸ் 1907ல வெளிவந்த தன் நினைவு நூலில் வருத்தத்தோட எழுதியிருக்கார். நூத்தி எழுபது வருஷத்துக்குப் பிறகும் அதே வேலைதான் நடக்குது. வித்தியாசம் என்னன்னா, அள்ளுறவங்க இப்ப வேற ஆட்கள்.

அவங்களைப் பற்றித்தான் எங்களுக்கு முக்கியமாப் பேசணும். நன்னீர் அலங்கார மீன் பெரும்பாலும் பண்ணையில வளர்ந்து வருது. கடல் அலங்கார மீனில் மிகப் பெரும்பான்மை இன்னும் பவளப்பாறையில இருந்து நேராப் பிடிக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கண்காணிப்பு மையம் 2003ல வெளியிட்ட அறிக்கை, வருஷத்துக்கு 2 கோடிக்கும் மேல கடல் அலங்கார மீன் உலகச் சந்தைக்குப் போகுதுன்னு கணக்குச் சொல்லுச்சு. எங்க நாட்டுலயும் அதைப் பிடிக்கிறது சுழியோடிகள். தென்மேற்குக் கரையில கடல் அமைதியா இருக்கிற மாசங்கள்ல அங்கே, பிறகு கிழக்குக் கரையில. பாறை மேல விரிச்சுப் பவளத்தை உடைக்கிற மொக்சி வலையை 1996 மீன்பிடி விதிகள் தடை செஞ்சிருக்கு. பவளம் உடைக்கிறதும் சட்டவிரோதம். சட்டம் இருக்கு. 1998ல கடல் சூடேறி ஹிக்கடுவைப் பவளம் வெளுத்துச் செத்ததுக்கு மட்டும் சட்டம் எதுவும் செய்ய முடியல. ஏற்கனவே அடி வாங்கின பாறையில இருந்துதான் எங்க ஏழு மீனும் வந்திருக்கணும்.

"மீன் செத்தா என்ன, இன்னொன்னு வாங்கினா சுழியோடிக்கு வருமானம்தானே"ன்னு எங்க வட்டத்துலயே ஒருத்தர் வாதாடினார். அரசியல் பேசுற பிள்ளைகள் இல்லையா, தொழிலாளர் பக்கம்னு நினைச்சுத்தான் சொன்னார். நாங்க எதிர்ப்பக்கம் நிக்கிறோம். தொட்டியில பாதி மீன் செத்துருங்கிற கணக்குல ஓடுற வியாபாரத்துல மீனுக்கு விலை ஏறாது, எண்ணிக்கைதான் ஏறும். எண்ணிக்கை ஏறினா சுழியோடி இன்னொரு தடவை இறங்கணும், பக்கத்துப் பாறையில மீன் குறைஞ்சா இன்னும் ஆழத்துக்குப் போகணும். ஆழத்துல இருந்து அவசரமா ஏறினா இரத்தத்துல கரைஞ்ச நைதரசன் குமிழியாகும். மூட்டு போகும், கால் விளங்காம போகும், உயிரும் போகும். எங்க தொட்டியில நாங்க கவனிக்காம விட்ட நைதரசனுக்கு விலை கொடுக்கிறது அவர் உடம்பு. இதை வருமானம்னு சொல்ல எங்களுக்கு வாய் வரல.

அந்தத் துப்புரவு மீனைப் பற்றியும் ஒன்னு. மற்ற மீன்களின் உடம்புல ஒட்டியிருக்கிற ஒட்டுண்ணியைத் தின்னு வாழுற சின்ன மீன் அது. பெரிய மீன்கள் வரிசையில நின்னு வாயைத் திறந்து காட்டுமாம். "தொட்டியைத் துப்புரவாக்கும்"னு சொல்லித்தான் எங்களுக்கு வித்தாங்க. அது தொட்டியைத் துப்புரவாக்காது. மீனைத்தான் துப்புரவாக்கும். ஆறு சின்ன மீன் இருக்கிற தொட்டியில அதுக்குத் தீனி இல்லை. எங்கட்டப் பட்டினியாத்தான் இருந்துச்சு. அவுஸ்திரேலியாவின் லிசர்ட் தீவுப் பக்கம் ஆய்வாளர்கள் சில சின்னப் பாறைகள்ல இருந்து இந்த மீனை மட்டும் எட்டரை வருஷம் எடுத்துக்கிட்டே வந்தாங்க. அந்தப் பாறைகள்ல மற்ற மீன்களின் வகையும் தொகையும் குறைஞ்சு போச்சு. எங்களுக்கு அது முன்னறையில பத்து நாள் ஓடின ஒரு நீலக்கோடு.

"சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு? ஆத்துல கழிவு விடுறவனைப் பற்றி எழுதுங்க"ன்னு சொல்லப்போறவங்களுக்கு: எழுதுவோம். ஆனா 150 லீற்றருக்குப் பொறுப்பெடுக்கத் தெரியாத ஆட்கள் மகாவலிக்கு மனு எழுதுறதைப் பார்த்தா எங்களுக்கே சிரிப்பு வருது.

கடல் தொட்டியே கூடாதுன்னு நாங்க சொல்லல. சொல்லணும்னு எங்க கூட்டத்துல ரெண்டு பேருக்கு விருப்பம், மற்ற மூனு பேர் சம்மதிக்கல. எல்லாரும் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான். கடைக்காரர் மீனைக் கையில தர முதல், தொட்டித் தண்ணியைக் கொண்டுவரச் சொல்லி அமோனியாவையும் நைத்திரைற்றையும் அளக்கணும். ரெண்டும் பூச்சியம் இல்லாட்டி மீன் இல்லை. மீன் எந்தக் கரையில இருந்து வந்தது, அல்லது பண்ணையில பிறந்ததான்னு எழுதி ஒட்டணும். நீமோவைத் தொட்டியிலேயே இனம்பெருக்க முடியும், உலகத்துல பல பண்ணைகள் செய்யுது. கடல்ல பிடிச்ச நீமோவை வாங்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. வாங்குறவங்களுக்கு: சின்னத் தொட்டி சுலபம்னு நம்பாதீங்க. தண்ணி குறைய எல்லாப் பிழையும் வேகமாப் பெருகும். உப்பு அளக்கிற கருவியும் அமோனியாச் சோதனையும் வாங்கக் காசு இல்லைன்னா மீன் வாங்கவும் காசு இல்லைன்னுதான் அர்த்தம். எங்களுக்குச் சொல்லுறோம், கோவிக்காதீங்க.

தொட்டி இப்பவும் தெல்தெனியவில் அதே முன்னறையில இருக்கு. மீன் இல்லை. உப்புத் தண்ணி, கல்லு, ஒரு மோட்டர். பற்றீரியாவுக்குத் தீனியா கிழமைக்கு ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போடுறோம். சோதனைப் பெட்டி ஒன்னைக் கொழும்புல இருந்து வரவழைச்சோம். மாதக்கணக்கா வெறும் தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருக்கிற எங்களை அப்பாயி ஒரு மாதிரியாத்தான் பார்க்கிறாங்க. அளந்த இலக்கங்களை நண்பி கொப்பியில எழுதி வைக்கிறாள். அஞ்சாம் கிழமை வரைக்கும் நைத்திரைற்று ஏறிக்கிட்டே போய், பிறகு ஒரு நாள் சட்டுன்னு விழுந்துச்சு.

போன மாசம் அந்தக் கடை அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, நல்ல சோடி நீமோ வந்திருக்கு. எடுத்து வைக்கவா?" எங்க பிடிச்சது, உங்க தொட்டியில எத்தனை நாளா இருக்கு, எங்களுக்கு முன்னால சாப்பாடு போட்டுக் காட்டுவீங்களான்னு கேட்டோம். கேட்டுச் சொல்றேன்னு வச்சார். இன்னும் கூப்பிடல.